ஒளி பட்டதும் இறுகும் பசை: பால்மரத்திலிருந்து சிப் தொழிற்சாலை வரை

உடைந்த நாற்காலிக் கால், வெடித்த தண்ணீர்க் குழாய், கழன்று விழுந்த கண்ணாடிச் சட்டம். எதுவானாலும் இழுப்பறையில் கிடக்கும் இரண்டு டியூப்களைத் தேடுவது நம்மவர் வழக்கம். ஒன்றில் பிசின், மற்றொன்றில் ஹார்டனர் என்று சொல்லப்படும் இறுக்கி. இரண்டையும் ஒரு தகரத் துண்டில் பிதுக்கி, தீக்குச்சியால் குழப்பி, கெட்டியாவதற்குள் ஓட்டையை அடைத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் தீக்குச்சியே தகரத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். அரால்டைட் என்ற விற்பனைப் பெயரால் பலரும் அறிந்த இந்தப் பசைக்கு வேதியியலில் எபோக்சி என்று பெயர்.

இப்போது இதற்கு ஒரு தம்பி வந்திருக்கிறான். ஒரே ஒரு டியூப்தான். எதையும் கலக்க வேண்டாம். தடவிவிட்டுச் சின்ன டார்ச் லைட்டைக் காட்டினால் சில விநாடிகளில் கல்லாகிவிடுகிறது. கைத்தொலைபேசித் திரைக்குக் கண்ணாடி ஒட்டும் கடையில் இதைப் பார்க்கலாம். நகப்பூச்சு நிலையத்தில் பார்க்கலாம். பல் அடைக்கப் போனால் மருத்துவர் கையில் இருக்கும் நீல விளக்கும் இதே குடும்பம்தான். வீட்டில் உட்கார்ந்து பூக்களைப் பிசினுக்குள் பதித்து, சாவிக்கொத்து செய்து விற்கும் பெண்களும் இதைத்தான் வாங்குகிறார்கள்.

விளக்கைக் காட்டியதும் அது இறுகுவது எப்படி? அது அதே எபோக்சிதானா? கையில் பட்டால் ஆபத்து உண்டா? இவற்றில் மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். ஆனால் முதல் இரண்டுக்கும் விடை தெரியாமல் மூன்றாவதுக்குச் சரியான பதில் சொல்ல முடியாது.

மூன்று பேர் பிடித்த கை

எபோக்சி என்பது ஒரு வளையத்தின் பெயர். இரண்டு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த முக்கோணம் அது. பத்துப் பேர் கைகோத்து வட்டமாக நின்றால் வசதியாக நிற்கலாம். மூன்றே பேர் நெருக்கி நின்றால் முழங்கை இடிக்கும். யாராவது ஒருவர் கையை விடக் காத்திருப்பார். கார்பனின் பிணைப்புகள் 109 பாகை விரிந்திருக்க விரும்புபவை. இந்த முக்கோணத்தில் அவை 60 பாகைக்குள் மடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே சிறிய தூண்டுதல் கிடைத்தாலும் வளையம் பட்டென்று திறந்துகொள்ளும். விடுபட்ட கை பக்கத்து மூலக்கூறைப் பிடிக்கும். அதன் வளையம் திறக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும். இப்படி ஆயிரக்கணக்கில் கைகோத்து வலையாகிவிட்டால், தேன்போல் ஓடிய திரவம் பாறைபோல் ஆகிவிடுகிறது. இதைத்தான் இறுகுதல் என்கிறோம். தண்ணீர் வற்றிக் காய்வது வேறு, இது வேறு. இங்கே எதுவும் ஆவியாகிப் போவதில்லை.

சுவிட்சர்லாந்தில் பியேர் காஸ்தான், அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ ஆகிய இருவரும் 1930, 40களில் தனித்தனியாக இத்தகைய பிசின்களை உருவாக்கினார்கள். சீபா நிறுவனம் 1946இல் அரால்டைட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் வளையத்தைத் திறந்துவிடும் வேலையை இரண்டாவது டியூப் செய்கிறது. அதிலுள்ள அமீன் என்னும் பொருள் வளையங்களைத் தேடிப்போய்த் திறக்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு. கலந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் பசை யாருக்காகவும் காத்திருக்காது.

தொழிற்சாலைகளுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. வேண்டிய வரை திரவமாகவே இருக்க வேண்டும். ‘இப்போது’ என்று சொன்னதும் நொடியில் இறுக வேண்டும். அந்தக் கட்டளையை ஒளியைக் கொண்டு கொடுக்கலாம் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் கிரிவெல்லோ. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் 1970களில் அவர் செய்த வேலை இன்றைக்கும் இந்தத் தொழிலின் அடிப்படை. அயோடின் அல்லது கந்தகம் கொண்ட ஒருவகை உப்பை அவர் பிசினோடு கலந்தார். இருட்டில் அந்த உப்பு சாதுவாகக் கிடக்கும். புற ஊதாக் கதிர், அதாவது யு.வி. பட்டால் உடைந்து மிகக் கடுமையான அமிலத்தை வெளியிடும். அந்த அமிலம் எபோக்சி வளையத்தின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். பிறகென்ன, வளையம் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகும். அமிலம் பாட்டிலுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஒளி அதை வெளியே கூப்பிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த முறையில் ஒரு விசேஷம் உண்டு. விளக்கை அணைத்த பிறகும் அமிலம் உள்ளேயே இருக்கும். ஆகவே இறுகுதல் இருட்டிலும் பல மணி நேரம் தொடரும். விளக்கின் கீழிருந்து எடுத்தபோது பாதி இறுகியிருந்த பொருள் மறுநாள் முழுதாக இறுகியிருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் இதைத் தடுப்பதில்லை.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

இங்கேதான் கடைக்காரர்கள் நம்மைக் குழப்புகிறார்கள். ‘யு.வி. எபோக்சி’ என்று எழுதி விற்கப்படும் கைவினைப் பிசின்களில் பெரும்பாலானவற்றில் எபோக்சி வளையமே கிடையாது. அவை அக்ரிலேட் அல்லது மெத்தக்ரிலேட் வகை. சிலவற்றைத் தயாரிக்கும்போது எபோக்சிதான் மூலப்பொருள். அதை அக்ரிலிக் அமிலத்தோடு சேர்த்துச் சமைத்ததும் வளையம் திறந்து தீர்ந்துபோய்விடும். பெயர் மட்டும் ‘எபோக்சி அக்ரிலேட்’ என்று மிஞ்சும். பச்சரிசியை மாவாக அரைத்துவிட்ட பிறகு அதை அரிசி என்று சொல்வதுபோல.

அக்ரிலேட் இறுகும் விதம் வேறு. ஒளி பட்டதும் அதில் உருவாவது அமிலமல்ல. ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் அரைகுறைத் துண்டுகள். இவை பரபரப்பானவை, வேகமானவை. ஆனால் விளக்கு அணைந்ததும் இவற்றின் ஆட்டமும் பெரும்பாலும் முடிந்துவிடும். மேற்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் இவற்றை விழுங்கிவிடுவதால், உள்ளே இறுகினாலும் மேலே பிசுபிசுப்பு மிஞ்சும். யு.வி. விளக்கில் காட்டிய பிறகும் சாவிக்கொத்து விரலில் ஒட்டுவதாகச் சிலர் சொல்வதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். சுருக்கமும் இதில் அதிகம். எபோக்சி வளையம் திறக்கும்போது சற்று விரிவதால் அது குறைவாகவே சுருங்கும். உலோகத்தில் பூசினால் உரியாமல் பிடித்துக்கொள்வதும் அதனால்தான். கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் எடுத்த ஈயம் ஒரு காலத்தில் உலகின் தகர டப்பாக்களுக்குப் பூச்சாகப் போனது. இன்று உலோக டப்பாக்களின் வெளிப்புற வார்னிஷில் ஒளியால் இறுகும் எபோக்சியும் ஒரு வகையாகப் பயன்படுகிறது.

பல் மருத்துவத்தின் கதையும் இந்த எபோக்சியிலிருந்து கிளைத்ததுதான். அமெரிக்கரான ரஃபேல் போவன் முதலில் எபோக்சியையே பல்லுக்குள் வைத்துப் பார்த்தார். வாய்க்குள் அது இறுக நேரம் பிடித்தது. நோயாளி எவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்திருப்பார்? ஆகவே எபோக்சிக்கும் மெத்தக்ரிலேட்டுக்கும் பாலமான ஒரு புதிய பொருளை உருவாக்கி 1962இல் காப்புரிமை பெற்றார். 1970களின் தொடக்கத்தில் யு.வி. விளக்கால் அதை இறுக்கினார்கள். பிறகு கண்ணுக்கும் ஈறுக்கும் தீங்கு குறைந்த நீல ஒளி அந்த இடத்தைப் பிடித்தது. இன்று பல் மருத்துவர் காட்டுவது புற ஊதாக் கதிர் அல்ல. கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி. ஆனாலும் உற்றுப் பார்க்கக்கூடாது. அவர் ஆரஞ்சு நிறத் தடுப்பு வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

சுண்ணாம்பு மலையும் சாயங்கால மழையும்

ஒளியால் இறுகும் உண்மையான எபோக்சிக்குப் பகைவர்கள் யார் என்று பட்டியல் போட்டால், பேராக் மாநிலத்தை வருணிப்பது போலவே இருக்கும்.

முதலாவது சுண்ணாம்பு. வேலையைச் செய்வது அமிலம் அல்லவா? அமிலத்தை முறிப்பது காரம். ஈப்போவைச் சுற்றி நிற்கும் மலைகள் சுண்ணாம்புக் கல். சிம்பாங் பூலாய் பகுதியில் அதை வெட்டி, அரைத்துப் பொடியாக்கிப் பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நிரப்பியாக அனுப்புகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்தக் கால்சியம் கார்பனேட் பொடியை இந்த எபோக்சியில் கலந்தால் பசை இறுகாமலே கிடக்கும். ஒளி வெளியிடும் சொற்ப அமிலத்தையும் சுண்ணாம்பு குடித்துவிடும். நிரப்பி வேண்டுமென்றால் சிலிக்கா போன்ற காரமற்ற பொடிதான் ஏற்றது.

இரண்டாவது ஈரம். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் நீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்து சங்கிலி நீள்வதை வெட்டிவிடும். மேற்பரப்பு இறுகுவது தாமதமாகும். தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர்களில் ஒன்றான தைப்பிங் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. இங்கே இப்படிப்பட்ட பூச்சு வேலை நடக்க வேண்டுமானால் அறையின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், அல்லது பொருளை இலேசாகச் சூடாக்க வேண்டும்.

மூன்றாவது அமோனியா. ரப்பர்ப் பால் கெடாமலும் உறையாமலும் இருக்க அதில் கலக்கப்படும் பொருள். அதுவும் காரம்தான்.

இவை போக, ஒளிக்கே உரிய ஒரு வரம்பும் இருக்கிறது. ஒளி போகாத இடத்தில் பசை இறுகாது. கறுப்புச் சாயம் கலந்த தடித்த பூச்சு, இரண்டு தகடுகளுக்கு நடுவில் மறைந்த மூலை, நிழல் விழும் பக்கம், இங்கெல்லாம் யு.வி. உதவாது. இதனால் சில பசைகளில் ஒளி, சூடு இரண்டும் வைத்திருக்கிறார்கள். ஒளியால் சட்டென்று இடத்தில் இருத்திவிட்டு, பிறகு அடுப்பில் வைத்து முழுமையாக இறுக்குவார்கள். கேமரா லென்ஸ் பொருத்தும் வேலையில் இது பழக்கம்.

‘வெயிலில் வைத்தால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. வெயிலிலும் புற ஊதாக் கதிர் இருக்கிறது; நம் ஊர் உச்சி வெயிலில் தாராளமாகவே இருக்கிறது. மெல்லிய படலம் அதில் இறுகிவிடும். ஆனால் மேகம் வந்து மறைத்தால் கணக்குத் தப்பிவிடும். அதனால்தான் தொழிற்சாலைகள் விளக்கை நம்புகின்றன. முன்பு பாதரச ஆவி விளக்குகள் மட்டுமே இருந்தன. அவை அதிகம் சூடாகும். ஓசோன் வாயுவையும் உண்டாக்கும். இன்று 365, 385, 395 நானோமீட்டர் அலைநீளம் தரும் எல்.இ.டி. விளக்குகள் அந்த இடத்தைப் பிடித்து வருகின்றன. ஆனால் கிரிவெல்லோ பயன்படுத்திய உப்புகள் இந்த அலைநீளத்தை நன்றாக உறிஞ்சுவதில்லை. எல்.இ.டி.யை வாங்கிவிட்டு, பழைய பசையையே பயன்படுத்தினால் இறுகாது. ஒளியை வாங்கி உப்புக்குக் கைமாற்றிவிடும் இன்னொரு பொருளையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பால்மரத்துக்குள் ஒரு முக்கோணம்

இனி ரப்பருக்கு வருவோம். பிரேசிலிலிருந்து 1876இல் இலண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த விதைகளின் வழியில், 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போதைய பேராக் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ அவற்றை வளர்த்தார். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு மரம் இன்றும் கோலகங்சார் நகரத்தில் நிற்கிறது. அதன் பின் வந்த தோட்டங்களும், லயங்களும், கப்பலேறி வந்த நம் முன்னோர்களும் நாம் அறிந்த வரலாறு. அந்த மரத்தின் பாலிலேயே எபோக்சியைச் செய்ய முடியும் என்பது அந்த அளவுக்குப் பலருக்குத் தெரியாது.

ரப்பர் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அங்கே ஓர் ஆக்சிஜன் அணுவைச் செருகிவிட்டால் அதே முக்கோண வளையம் வந்துவிடும். செருகுவதற்கு என்ன வேண்டும்? பால் ஸ்டோரில் வேலை செய்த பெரியவர்களுக்குத் தெரிந்த பொருள்தான் ஒன்று: பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம். மற்றொன்று ஹைட்ரஜன் பெராக்சைட். இரண்டும் சேர்ந்து பெர்ஃபார்மிக் அமிலம் என்ற புதிய அமிலம் உருவாகி, ஆக்சிஜனை ரப்பருக்குள் கொண்டுபோய் வைக்கும். ஸ்டோரில் அமிலம் ஊற்றினால் பால் கட்டியாகிவிடுமே என்று கேட்கலாம். அப்படி ஆகாதபடி முதலில் ஒருவகைச் சோப்புப் பொருளைச் சேர்த்துப் பாலை நிலைப்படுத்திக்கொள்கிறார்கள்.

இப்படிச் செய்த ரப்பருக்கு எபோக்சி ஏற்றிய இயற்கை ரப்பர் என்று பெயர், சுருக்கமாக இ.என்.ஆர். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபர்ட் அருகே பிரிக்கண்டன்பரியில் மலேசிய ரப்பர்ப் பணத்தில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் 1980களின் தொடக்கத்தில் இது முழு வடிவம் பெற்றது. இன்று அந்த இடத்துக்குத் துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம் என்று பெயர். நூறு இரட்டைப் பிணைப்புகளில் 25ஐ மாற்றினால் இ.என்.ஆர். 25, பாதியை மாற்றினால் இ.என்.ஆர். 50. மாற்றிய ரப்பரின் குணமே வேறு. சாதாரண ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிக் கெடும், இது தாங்கும். காற்றைக் கசிய விடுவது குறைவு. ஈரச் சாலையில் டயருக்குப் பிடிப்புக் கூடும். மலேசிய ரப்பர் வாரியம் இதை ‘எக்கோப்ரீனா’ என்ற பெயரில் முன்வைத்திருக்கிறது.

இதில் வளையம் இருக்கிறது என்றால் ஒளியால் இறுக்கலாமே? இறுக்கலாம். பிரான்சில் மூலூஸ் நகர ஆய்வாளர் கிறிஸ்தியான் டெக்கர், வியட்நாம் விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1990களின் நடுவில் இதைச் செய்து காட்டினார். சங்கிலியைச் சிறு துண்டுகளாக்கித் திரவமாக்கிய எபோக்சி ரப்பரில் ஒளிக்கு உடையும் உப்பைக் கலந்து, யு.வி. காட்டினார்கள். திரவம் கரையாத படலமாக இறுகியது. சார்லஸ் குட்இயர் 1839இல் கண்ட வழியில் ரப்பரை இறுக்கக் கந்தகமும் சூடும் வேண்டும். இங்கே கந்தகமும் இல்லை, அடுப்பும் இல்லை.

கேட்க இனிக்கிறது. ஆனால் மங்கு கழுவும் நம் சிறுதோட்டக்காரருக்கு இதனால் நாளைக்கே கட்டிப்பால் விலை ஏறிவிடும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். இ.என்.ஆர். பெரும்பாலும் டயர், காலணி, பூட்டிய எந்திரங்களின் அதிர்வு தாங்கி போன்ற வேலைகளுக்கே போகிறது. அங்கே சூடும் கந்தகமும்தான் ஆட்சி. ஒளியால் இறுகும் ரப்பர்ப் பூச்சு இன்னும் ஆய்வுக்கூடத்தை ஒட்டியே இருக்கிறது. மூலக்கூறு பெரிது, திரவம் தடிப்பு, விலை கூடுதல். பெட்ரோலியத்திலிருந்து வரும் பிசின் இதைவிட எளிதாக வேலை செய்கிறது.

பால்மரம் வெட்டப்பட்ட இடத்தில் வந்த செம்பனையும் இந்தக் கதையில் உண்டு. செம்பனை எண்ணெயிலும் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. அதே முறையில் எபோக்சியாக்கி, பிறகு அக்ரிலேட்டாக மாற்றி, மரச்சாமான்களுக்கு யு.வி. பூச்சாகப் பயன்படுத்தும் ஆய்வை பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி முகவை பல ஆண்டுகள் நடத்தியது. பூச வேண்டிய மரமும் பெரும்பாலும் நம் பால்மரம்தான். பால் வற்றிய மரத்தை முன்பு விறகாக எரித்தார்கள். இப்போது அறுத்தவுடன் பூச்சி மருந்தேற்றி, உலர்த்தி, நாற்காலியும் தரைப் பலகையும் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். பலகை யு.வி. விளக்கின் கீழே ஓடி மறுபக்கம் வரும்போது பூச்சு இறுகியிருக்கும். இதில் சுவையான செய்தி ஒன்று. முப்பரிமாண அச்சு முறையை உருவாக்கி 1986இல் காப்புரிமை பெற்ற சார்லஸ் ஹல், மேசைப் பலகைகளுக்கு யு.வி. பூச்சுப் போடும் நிறுவனத்தில் வேலை பார்த்தபோதுதான் அந்த யோசனையைப் பிடித்தார்.

ஈப்போவில் ஒளி செய்யும் தலைகீழ் வேலை

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன காலத்தில், பிள்ளைகள் பலர் கம்பெனி பஸ் ஏறி ஈப்போ தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். 1972இல் தொடங்கிய கார்செம், சிம்பாங் பூலாய் பக்கம் உள்ள யூனிசெம் ஆகிய இரண்டும் சிப் பொட்டலமிடும் தொழிலில் உலகம் அறிந்த பெயர்கள். இந்தத் தொழிலில் எபோக்சியைத் தொடாமல் ஒரு நாள் நகராது.

சிப் செய்யும் வட்டத் தகடான வேஃபரை முதலில் ஒரு பசை நாடாவில் ஒட்டுவார்கள். வைரத்தூள் பதித்த தகட்டால் அதைக் கட்டம் கட்டமாக அறுக்கும்போது துண்டுகள் சிதறக்கூடாது. நாடா இறுகப் பிடித்திருக்க வேண்டும். அறுத்து முடித்ததும் ஒவ்வொரு துண்டையும் எளிதாக எடுக்க வேண்டும். நாடா விட்டுக்கொடுக்க வேண்டும். பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும் என்றால் எப்படி? நாடாவின் பின்புறம் யு.வி. காட்டுகிறார்கள். பசை இறுகி, கடினமாகி, ஒட்டும் தன்மையை இழந்துவிடுகிறது. வேறெங்கும் ஒட்டுவதற்காகப் பயன்படும் ஒளி இங்கே ஒட்டை விடுவிப்பதற்குப் பயன்படுகிறது. இந்த நாடாவில் உள்ளது அக்ரிலிக் வகைப் பசை.

எடுத்த துண்டை வெள்ளித்தூள் கலந்த எபோக்சியால் சட்டத்தில் ஒட்டி அடுப்பில் வைப்பார்கள். கம்பி இணைத்த பின், ஏறத்தாழ 175 பாகை செல்சியஸ் சூட்டில் எபோக்சிக் கலவையை அச்சுக்குள் செலுத்தி மூடுவார்கள். சிப்பின் கறுப்பு உடல் அதுதான். அதை ஏன் நொடியில் இறுக்கும் ஒளியால் செய்வதில்லை? கறுப்புச் சாயமும் நெருக்கமாக நிறைந்த சிலிக்காவும் ஒளியை உள்ளே விடாது. அங்கே சூடு ஒன்றே வழி.

தோல் மறப்பதில்லை

முழுமையாக இறுகிய எபோக்சியும் அக்ரிலேட்டும் பெரும்பாலும் சாதுவானவை. ஆபத்து இறுகாத திரவத்தில் இருக்கிறது. அதிலுள்ள சிறு மூலக்கூறுகள் தோலுக்குள் நுழைந்து, உடலின் காவல் படையை உசுப்பிவிடும். முதல் தடவை ஒன்றும் தெரியாது. பத்தாவது தடவையும் தெரியாமல் போகலாம். ஒரு நாள் தொட்டபின், ஒன்றிரண்டு நாள் கழித்து, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் அரிப்பு, சிவப்பு, நீர்க் கொப்புளம். தாமதமாக வருவதால் காரணம் பிடிபடாது. புதிய சோப்பையோ சாப்பிட்ட இறாலையோ குற்றம் சொல்வோம். ஒருமுறை இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுளுக்கும் தங்கிவிடக்கூடியது. பிறகு துளி பட்டாலும் கிளம்பும். கைத்தொழிலை விட்டே விலகியவர்கள் பல நாடுகளில் உண்டு.

நகப்பூச்சும் இதற்கு விலக்கல்ல. வீட்டில் தாங்களே போட்டுக்கொள்ளும் ஜெல் நகப்பூச்சிலுள்ள மெத்தக்ரிலேட் கடும் ஒவ்வாமையைக் கொண்டுவருகிறது என்று பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018இல் எச்சரித்தது. இதே குடும்பப் பொருள்தான் பல் அடைப்பிலும் சில எலும்பு அறுவைச் சிகிச்சைகளிலும் பயன்படுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், நகத்துக்காக வாங்கிய ஒவ்வாமை எங்கெல்லாம் வந்து நிற்கும் என்பது புரியும். டி.பி.ஓ. என்ற ஒளித்தூண்டிப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது.

கையுறை போட்டால் போதுமா? மெல்லிய கையுறை வழியாக மெத்தக்ரிலேட் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். கையுறை அணிந்திருக்கிறோம் என்ற தைரியத்தில் நாள் முழுதும் ஒரே ஜோடியோடு வேலை செய்வது, அணியாமலே இருப்பதைவிட மோசமாகக்கூட ஆகலாம். உள்ளே புகுந்த பொருள் தோலோடு அடைபட்டுக் கிடக்கும். பிசின் பட்டதும் கையுறையைக் கழற்றி எறிந்து புதியதை மாட்ட வேண்டும். தோலில் பட்டால் தின்னர் ஊற்றித் துடைக்கக்கூடாது. தின்னர் பிசினைக் கரைத்துத் தோலுக்குள் இன்னும் ஆழமாக அனுப்பும். தாளால் ஒற்றி எடுத்துவிட்டுச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுவதே சரி.

கையுறையைப் பற்றிப் பேசும்போது கமுந்திங்கை விடமுடியாது. ரப்பர்க் கையுறையில் கந்தகத்தோடு சேர்க்கும் துரிதப்படுத்திகளே பலருக்கு ஒவ்வாமை தருகின்றன. ஆஸ்திரியாவின் லியோபன் ஆய்வாளர்களும் செம்பரிட் நிறுவனமும் சேர்ந்து, அவற்றை அறவே தவிர்த்து யு.வி. ஒளியால் இறுக்கிய அறுவைக் கையுறையைக் கொண்டுவந்தார்கள். செயற்கைப் பாலில் செய்த அந்தக் கையுறை ஆஸ்திரியாவின் விம்பாசிங்கில் தயாரானது. அதே செம்பரிட் 2012இல் கமுந்திங்கின் லேட்டக்ஸ் பார்ட்னர்ஸ் கையுறை நிறுவனத்தை வாங்கியது. தன் மருத்துவப் பிரிவை 2023இல் விற்றுவிட்டது. ஒளியில் இறுகும் கையுறை இன்னும் சாதாரணக் கையுறையின் விலைக்கு வரவில்லை.

அடுத்தது கண். யு.வி. விளக்கை நேராகப் பார்த்தாலும், பளபளப்பான தகட்டில் பட்டுத் திரும்பினாலும் கருவிழி வெந்துபோகும். அப்போது வலிக்காது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். வெல்டிங் செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த அலைநீளத்தைத் தடுக்கும் கண்ணாடி அணிய வேண்டும். கறுப்புக் கண்ணாடி என்பதற்காக எல்லாமே யு.வி.யைத் தடுக்கும் என்று எண்ணிவிடக்கூடாது.

வேலையிடத்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. இரசாயனத்தோடு வரும் பாதுகாப்பு விவரத்தாளைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தமிழில் வராது, தெரிந்தவரிடம் படித்துக் காட்டச் சொல்லியாவது அறிந்துகொள்ள வேண்டும். ‘தோல் ஒவ்வாமை’ என்று பொருள்படும் எச்சரிக்கை அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பிலிருக்கிறது. ஒருசில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களுக்கும் அது பொருந்தும். உடனடி அபாயம் இருப்பதாக நியாயமாகக் கருதினால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகவும் அதில் இடமுண்டு.

வேலையால் வந்த தோல் நோய் பெர்கேசோவின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கிளினிக்கில் ‘அரிக்கிறது டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் களிம்பு கிடைக்கும், கோரிக்கை நிற்காது. என்ன வேலை, எந்தப் பசை, எத்தனை நாளாக, விடுமுறையில் குறைகிறதா, மீண்டும் வேலைக்குப் போனதும் கூடுகிறதா என்பதைச் சொல்லி, விவரத்தாளின் நகலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். தோல் நிபுணர் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் பரிசோதனையின் வழக்கமான வரிசையில் எபோக்சி பிசினும் ஒன்று.

வீட்டில் கைவினை செய்பவர்கள் சன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வேலை செய்யட்டும். மிச்சப் பிசினைச் சிங்க்கில் ஊற்ற வேண்டாம். துடைத்த தாளையும் காலிக் குப்பியையும் வெயிலில் பரப்பி, நன்றாக இறுகிய பிறகு குப்பையில் போடலாம். பாட்டிலை மட்டும் அந்த வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டும்.